பேச விடாமல் வளர்த்துவிட்டு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரே கேள்விதான்: "என்ன குரூப்?" மார்க் நன்றாக இருந்தால் பயோ மேத்ஸ், கொஞ்சம் குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கும் கீழே போனால் காமர்ஸ். கேட்பது பிள்ளையைப் பார்த்துத்தான். பதில் சொல்வது அப்பாவோ சித்தப்பாவோ. பதினைந்து வயதில் குரூப், பதினேழில் காலேஜ், இருபத்தொன்றில் வேலை, பெண்ணாக இருந்தால் இருபத்து மூன்றுக்குள் ஜாதகம். எல்லாம் வரிசையாக நடந்துவிடும். நான் யார், எனக்கு எது ஒத்து வரும், எதை நம்புகிறேன் என்று அந்தப் பிள்ளை யோசித்துப் பார்க்க இந்த வரிசையில் எங்கேயும் இடமில்லை.

டியூஷன் எடுப்பவள் நான். எட்டாம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகளை, கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்கும் வரை பார்க்கிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் தங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய காலத்தை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். அந்தத் தேடலில் பெரும்பங்கு சக வயதுக்காரர்களோடு பேசும் பேச்சில்தான் நடக்கிறது. அந்தப் பேச்சையே குற்றமாக்கி வைத்திருக்கிறோம்.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளரைப் பற்றிப் பி.எட். படித்தவர்கள் எல்லோரும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருப்போம். மனித வளர்ச்சிக்கு எட்டுக் கட்டங்கள் என்றவர். அவர் கதை தெரிந்தால் அந்தப் பாடம் வேறு மாதிரி தெரியும். 1902இல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யாரென்று கடைசி வரை அவருக்குத் தெரியவில்லை. வளர்த்தவர் ஒரு யூத மருத்துவர். பையன் உயரமாக, பொன்னிற முடியோடு இருந்ததால் யூதர்களின் வழிபாட்டு இடத்தில் 'நீ நம்ம ஆள் இல்லை' என்று கேலி. பள்ளிக்கூடத்தில் 'நீ யூதன்' என்று கேலி. படிப்பு முடிந்ததும் படம் வரைந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய 1939இல்தான் எரிக்சன் என்ற பெயரைத் தானே தேர்ந்து வைத்துக்கொண்டார். 'அடையாள நெருக்கடி', அதாவது நான் யார் என்று தெரியாமல் தவிக்கும் நிலை, என்ற கருத்து இப்படிப்பட்ட ஒரு வாழ்க்கையிலிருந்து வந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் என்னிடம் படித்த ஒரு பையன் ஞாபகத்துக்கு வருவான். ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக் கிராமம். மலையாளி என்ற மலைவாழ் பழங்குடிக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் காபித் தோட்டத்தில் கூலி வேலை. இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தான். ஏற்காடு என்றதும், "ஓ, போர்டிங் ஸ்கூலா?" என்று கேட்பார்கள். இல்லை என்று தெரிந்ததும் அவன் பெயரே 'மலை' ஆகிவிட்டது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் அங்கே, "டவுன்காரன் வந்துட்டான்" என்பார்களாம். இரண்டு இடத்திலும் அவன் பாதி ஆள். அந்தச் சங்கடத்தை அவன் யாரிடம் சொல்லித் தெளிந்தான்? அப்பாவிடம் இல்லை, என்னிடமும் இல்லை. சேலம் குகைப் பகுதியிலிருந்து வந்த தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவனிடம். டியூஷன் முடிந்ததும் இரண்டு பேரும் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று பேசுவார்கள், பேசுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்குப் போங்கடா என்று நான் விரட்டியதே இல்லை.

1966இல் ஜேம்ஸ் மார்ஷியா என்ற உளவியலாளர் எரிக்சனின் கருத்தை இரண்டு கேள்விகளாகப் பிரித்தார். இந்தப் பிள்ளை பல வழிகளையும் தேடிப் பார்த்ததா? ஏதாவது ஒன்றில் உறுதியாக நின்றதா? தேடாமலேயே உறுதி வந்துவிட்டால் அது பெரியவர்கள் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்ட அடையாளம். தேடல் நடந்துகொண்டிருக்கிறது, உறுதி இன்னும் வரவில்லை என்றால் அது நடுவழி. தேடி, அலைந்து, பிறகு ஒன்றைப் பற்றிக்கொண்டால் அது சொந்த அடையாளம். தேடலும் இல்லை உறுதியும் இல்லை என்பது நாலாவது வகை.

இதை எங்கள் ஊரிலேயே காட்ட முடியும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறை. பெரியப்பா பையன், சித்தப்பா பையன் இரண்டு பேரும் என் மாணவர்கள். பெரியவன் பிளஸ் டூ முடித்த வாரமே பட்டறையில் உட்கார வைக்கப்பட்டான். கைவேலை சுத்தம், கொலுசில் சலங்கை வைத்துப் பற்றவைத்தால் பற்றவைத்த இடமே தெரியாது. ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டால், "அப்பா சொன்னாங்க மிஸ்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சின்னவன் அடம் பிடித்துக் கோயம்புத்தூர் போனான். ஒரு கம்பெனி, அப்புறம் இன்னொரு கம்பெனி, நடுவில் கொஞ்ச நாள் போட்டோகிராபி. வீட்டில் உருப்படாதவன் என்று பெயர். இப்போது அவனும் அதே பட்டறையில்தான் இருக்கிறான். புது டிசைன் வரைகிறான், வாங்குகிறவர்களிடம் அவனே பேசுகிறான். "வெளிய போய்ப் பாத்தேன் மிஸ், எனக்கு இதுதான் புடிச்சிருக்கு" என்கிறான். ஒரே கூரை, ஒரே வெள்ளி. ஒருவனுக்கு அது விதி, இன்னொருவனுக்கு அது விருப்பம். அப்பா தொழிலைச் செய்வது தப்பென்று நான் சொல்லவே மாட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு அந்தப் பெரியவனுக்கும் கொஞ்ச காலம் கொடுத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை தனியாக ஒரு பருவம், முழுசாகப் பெரியவராகாத இளமை என்று 2000இல் ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் எழுதினார். வசதியுள்ள சமூகங்களுக்கு அது சரி. ராத்திரி ஷிப்டில் விசைத்தறி ஓட்டும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்தப் பருவத்தை யார் கொடுக்கிறார்கள்? தேடல் என்பது காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக இருக்கிறதே என்பது என் பெரிய வருத்தம்.

இனி காதலுக்கு வருகிறேன். இதைத் தொடாமல் இந்த வயதைப் பற்றிப் பேசுவது ஏமாற்று வேலை. இளவயதுக் காதலைப் பற்றி எரிக்சன் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தெளிவில்லாத தன் உருவத்தை இன்னொருவர் மேல் வைத்துப் பார்த்து, அங்கிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து திரும்பி வருவதைப் பார்ப்பதுதான் அந்தக் காதலில் பெரும்பகுதி. அதனால்தான் அதில் இவ்வளவு பேச்சு இருக்கிறது என்றார். தன்னைப் பற்றிய தெளிவு ஓரளவு வந்தபிறகே இன்னொருவரோடு உண்மையான நெருக்கம் முடியும் என்பதும் அவர் சொன்னதுதான்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? "ஏற்காடு போயிட்டு வந்தாங்களாம்" என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும், தீர்ப்பே எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்லூரியில் பையனும் பெண்ணும் காரிடாரில் நின்று பேசினால் ஐ.டி. கார்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன் போடுகிறார்கள். அங்கே படித்த என் மாணவி, கூடப் படிக்கும் பையனிடம் ரெக்கார்டு நோட் வாங்கியதற்காக அப்பாவோடு போய் நின்றாள். அந்த அப்பா அன்றைக்கு என்னிடம் வந்து, "நீங்களே சொல்லுங்க மிஸ், நாங்க என்ன குறை வெச்சோம்?" என்று அழுதார். நோட் வாங்கியதற்கு!

பேசினால் என்ன ஆகும் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். 2015 ஜூனில் ஓமலூர் கோகுல்ராஜ் என்ற இளைஞர், தன்னோடு படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். பெண் வேறு சாதி. அங்கிருந்து கடத்திப் போனார்கள். ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022இல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. இது எங்கேயோ நடந்ததில்லை, நம் பக்கத்தில் நடந்தது. அதனால் கட்டுப்பாடு, ஒழுக்கம் என்று நாம் சொல்வதற்குள் சாதி எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கொலைக்குப் பிறகும் பிள்ளைகளைப் பார்த்து "பேசாதே" என்றுதான் சொன்னோம். கொல்கிறவர்களைப் பார்த்து எத்தனை பேர் வாய் திறந்தோம்?

பேச்சை நேரில் தடுத்தால் அது போனுக்குள் போகிறது. அங்கே இன்ஸ்டாகிராமில் பழகும் ஆள் யாரென்றே தெரியாது. இதைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன்.

ரெக்கார்டு நோட் வாங்கிய அதே பெண்ணுக்குப் போன வருடம் மாப்பிள்ளை பார்த்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்து, "மாடில போய்ப் பத்து நிமிஷம் பேசிட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். ராத்திரி எனக்குப் போன் செய்தாள். "என்ன கேக்கறதுன்னே தெரியல மிஸ். என்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டேன். அது பயோடேட்டாலயே இருந்துச்சு." பத்தொன்பது வயதில் ஒரு பையனிடம் நோட் வாங்கியதற்கு அழ வைத்துவிட்டு, இருபத்து மூன்றில் முன்பின் தெரியாத ஒருவனைப் பத்து நிமிடத்தில் புரிந்துகொண்டு வாழ்க்கை முழுவதற்கும் பதில் சொல் என்கிறோம். அவளுக்கு மனிதர்களை எடை போடத் தெரியவில்லை என்றால் அது யார் குறை?

"கெட்டுப் போனா நீங்க பொறுப்பா?" என்று என்னிடம் நேராகவே கேட்டவர்கள் உண்டு. நியாயமான பயம். படிப்பு சறுக்கலாம், மனம் உடையலாம், ஏமாறலாம். எல்லாம் என் வகுப்பிலேயே நடந்திருக்கிறது. ஆனால் பதினேழு வயதில் ஏமாந்து அழும் பெண்ணுக்கு அம்மா மடி பக்கத்திலேயே இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு அதே பாடத்தைக் கற்கும் பெண்ணுக்கு, "அனுசரிச்சுப் போ" என்ற ஒரு வார்த்தைதான் மிஞ்சுகிறது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. குரூப்பைப் பிள்ளையின் வாயால் சொல்ல விடுங்கள். ஒரு வாரம் கலெக்டர், அடுத்த வாரம் பேக்கரி என்று மாற்றி மாற்றிச் சொன்னால் புத்தி நிலையில்லை என்று திட்டாதீர்கள், அந்த வயதின் வேலையே அதுதான். கூடப் படிக்கிற பையனோ பெண்ணோ, எந்தத் தெருவாக இருந்தாலும், வீட்டுக்கு வரட்டும். காபி போட்டுக் கொடுத்து நீங்களும் கொஞ்ச நேரம் உட்காருங்கள், அப்புறம் எழுந்து உள்ளே போய்விடுங்கள். அவர்கள் பேசிக்கொள்ளட்டும்.