தோட்டாத் துளைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் நியூ ரிவர் பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பாலம் அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அப்பலாச்சிய மலைகளின் கதை நிலக்கரியில் இருக்கிறது. அதைச் சொல்லும்போதும் பாதியை விழுங்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் மனக்குறை.

அங்கே பெக்லி என்ற ஊரில் பழைய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைப் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களே வழிகாட்டிகள். சின்ன ரயில் தாழ்ந்த கூரைக்கு அடியில் உள்ளே போகிறது. கோடையிலும் 14 டிகிரி குளிர். அக்காலத்தில் கூலி மணிக்கணக்கில் இல்லை, டன் கணக்கில். வெட்டிய கரி யாருடையது என்று தெரிவதற்காக, எண் பொறித்த பித்தளை வில்லையை ஒவ்வொரு வண்டியிலும் தொங்கவிட வேண்டும். கூரை சரியாமல் முட்டுக்கொடுப்பது, பாறையை அப்புறப்படுத்துவது போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் சல்லிக்காசு கிடையாது. கூலியும் பல இடங்களில் பணமாக இல்லாமல், கம்பெனியே அச்சடித்த நாணய வில்லைகளாகவே வந்தது. அது செல்லுபடியாவது கம்பெனிக் கடையில்தான். வீடும் கம்பெனியுடையது. சங்கத்தில் சேர்ந்தால் சட்டி பானை தெருவுக்கு வந்துவிடும்.

அதே மாநிலத்தில் மேட்வான் என்ற சிற்றூரில் நடந்ததும் அதுதான். 1920 மே 19 அன்று, தொழிலாளர் குடும்பங்களை வீட்டை விட்டு வெளியேற்ற வந்த கம்பெனி அடியாட்களுக்கும் ஊராருக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்டு 10 பேர் செத்தார்கள். செங்கல் சுவரில் தோட்டாத் துளைகள் இன்றும் இருக்கின்றன. தொழிலாளர் பக்கம் நின்ற காவல் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டை மறு ஆண்டு நீதிமன்றப் படிக்கட்டில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள், அதுவும் நிராயுதபாணியாக வந்தவரை. அந்த ஆத்திரத்தில் சுமார் 10,000 தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு பிளேர் மலையை நோக்கிக் கிளம்பினார்கள். அவர்கள்மீது தனியார் விமானங்களிலிருந்து குண்டு வீசப்பட்டது. ராணுவம் வந்த பிறகே சண்டை ஓய்ந்தது.

இவ்வளவுக்கும் மேட்வானில் இதற்கென ஓர் அருங்காட்சியகம் திறக்க 2015 வரை ஆகிவிட்டது. பிளேர் மலையின் கதி இன்னும் விசித்திரம். 2009இல் தேசிய வரலாற்றிடப் பட்டியலில் சேர்த்தார்கள், சில மாதங்களிலேயே நீக்கினார்கள், வழக்காடி 2018இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். மலை உச்சியையே வெடிவைத்துத் தகர்த்துக் கரி எடுக்கும் வட்டாரம் அது. பட்டியலில் ஓர் இடம் என்பது அங்கே வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை.

கரியால் வாழ்ந்தோம் என்று பெருமையாகப் பலகை வைக்கட்டும், தாராளமாக. கூலி எப்படிக் கொடுத்தார்கள் என்பதையும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் எழுதட்டும்.