கேர் ஆஃப் கண்காணிப்பாளர்

கோவை கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு, குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். ஐடிஐ-யில் டர்னர் முடித்தவன். 18 முடிந்து இல்லத்திலிருந்து வெளியே வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. முதல் நாள் சாயங்காலம் வெர்னியர் அளவுகோலைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் வைத்துவிட்டுப் போனான். இருபது வருடமாக என்னிடம் இருப்பவர்களுக்கே நான் கத்திச் சொல்ல வேண்டிய வேலை அது.

வேலை கிடைத்துவிட்டது, வீடுதான் கிடைக்கவில்லை. நானும் கூடவே அலைந்தேன். ஆதார் கேட்பார்கள், வாங்கித் திருப்பிப் பார்ப்பார்கள். முகவரியில் 'கேர் ஆஃப் கண்காணிப்பாளர்', கீழே இல்லத்தின் பெயர். "வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுச் சொல்றனுங்க" என்பார்கள். போன் வராது. மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா நேராகவே கேட்டுவிட்டார், "என்ன கேஸுங்க?"

"ஐயோ, கேஸெல்லாம் இல்லீங்க, அம்மா தவறிட்டாங்க, அதனால இல்லத்துல வளர்ந்தான்" என்று அவசரமாகச் சொன்னேன். பைக்கில் திரும்பும்போதுதான் உறைத்தது. கேஸ் இருந்திருந்தால் வீடு தராதது நியாயம் என்றல்லவா நானே ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன்? வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த பையனென்றாலும், ரொம்பக் கடுமையான சில வழக்குகள் தவிர, பழைய வழக்கு அவன் வாழ்க்கையைத் தடுக்கக் கூடாது என்றுதான் 2015 இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. அவன் யாரென்று வெளியே தெரியும்படி எழுதுவதே குற்றம். சட்டம் இவ்வளவு பொத்திப் பொத்தி வைப்பதை ஆதார் அட்டை ஒரே வரியில் போட்டு உடைத்துவிடுகிறது.

அதே சட்டத்தின் 46-வது பிரிவு, 18 முடிந்து வெளியேறுபவருக்குப் பண உதவி 'வழங்கலாம்' என்கிறது. 'வழங்க வேண்டும்' என்று இல்லை. 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை, பிற்காப்பு, அதாவது வெளியே வந்த பிறகும் தொடரும் உதவி, உண்டு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் அதற்கு மாதம் 4,000 ரூபாய். சரி, நல்லதுதான். ஆனால் இங்கே அட்வான்ஸே பல மாத வாடகை கேட்கிறார்கள். ஜாமீன் போட மாமனோ சித்தப்பாவோ இல்லாதவன் அதற்கு எங்கே போவான்? நம் பிள்ளைகளை 18 வயதில் ஒரு பையைக் கொடுத்து வாசலில் நிறுத்துவோமா? என் மகனுக்கு 24. இன்னும் அவன் பைக் இன்சூரன்ஸை நான்தான் கட்டுகிறேன்!

நாலாவது வீட்டில் ஒப்பந்தத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன், கிடைத்தது. அப்புறம் ஆதாரில் முகவரியை மாற்ற ஒரு அரை நாள் ஆனது. இல்லத்தை விட்டு வருவதற்கு முன்பே ஒரு அறை பார்த்து, இதை யாராவது முடித்துக்கொடுத்திருக்கலாம்.

அடுத்த மாதம் இன்னொரு பையன் சேருகிறான். இவனுக்குக் கேஸ் இருந்தது, முடிந்துவிட்டது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கணபதி, சங்கனூர் பக்கம் மாடியில் ஒற்றை அறை இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அட்வான்ஸ் பேச நானே வருகிறேன்.