எலிக்குட்டிக்கு அண்ணன் கிடைத்த படமும் அதை எடுத்த ஓவியரும்

ராப் மின்காஃப் என்று பெயரைச் சொன்னால் நம் பக்கம் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. 'லயன் கிங்' என்றால் எல்லோருக்கும் தெரியும். 'ஸ்டூவர்ட் லிட்டில்' என்றால், டிவியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் "அந்தச் சட்டை போட்ட எலிதானே?" என்பார்கள். முதல் படத்தை ராஜர் அல்லர்ஸோடு சேர்ந்தும் இரண்டாவதைத் தனியாகவும் இயக்கியவர் இவர். அதற்கு முன்பு டிஸ்னியில் மேசை மேல் குனிந்து ஒவ்வொரு தாளாக வரைந்துகொண்டிருந்த அனிமேட்டர். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படத்தை எடுக்க அந்த மேசையை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்பது என் கட்சி. நம் ஊரில் அனிமேஷன் படித்த பிள்ளைகளை இயக்குநராக யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. அந்த ஆதங்கம்தான் இதை எழுத வைக்கிறது.

1962-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். அங்கேயே கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரியில் அனிமேஷன் படித்துவிட்டு டிஸ்னியில் சேர்ந்தார். 1986-ல் வந்த 'கிரேட் மவுஸ் டிடெக்டிவ்', 1989-ல் வந்த 'லிட்டில் மெர்மெய்ட்' இரண்டிலும் அவர் கை இருக்கிறது. பெரிய படத்தை உடனே அவரிடம் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ராஜர் ராபிட் என்ற முயலை வைத்து 1989-லும் 1990-லும் தலா ஏழெட்டு நிமிடம் ஓடும் இரண்டு குறும்படங்களை இயக்கச் சொன்னார்கள். சின்னதைக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்த ஒரு பழக்கம் மட்டும் நம் சினிமாவுக்கு வந்தால் எவ்வளவோ நல்லது.

அப்புறம் 'லயன் கிங்'. வேறொருவர் பாதியில் விலகிய பிறகு மின்காஃப் உள்ளே வந்தார். அப்போது ஸ்டுடியோவில் பலருக்கு 'போகஹான்டஸ்' என்ற இன்னொரு டிஸ்னி படத்தின் மேல்தான் கண். சிங்கக் கதையை இரண்டாம் பட்சமாகத்தான் பார்த்தார்கள். 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸை நிலநடுக்கம் உலுக்கி ஸ்டுடியோவை மூட வேண்டி வந்ததால், வரைகிறவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்து முடித்தார்கள். அந்தக் காட்டு மாட்டுக்கூட்டம் பள்ளத்தாக்கில் இறங்கி ஓடிவரும் காட்சி இரண்டரை நிமிடம் இருக்கும். கணினியில் அதைச் செய்து முடிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஆனால் என்னை உலுக்கியது அந்த ஓட்டம் அடங்கிய பிறகு வரும் காட்சிதான். குட்டி சிம்பா அப்பாவை முட்டி எழுப்பிப் பார்க்கிறான், காதைப் பிடித்து இழுக்கிறான், பிறகு செத்துக் கிடக்கும் அப்பாவின் கைக்குக் கீழே தானே புகுந்து படுத்துக்கொள்கிறான். குழந்தைப் படத்தில் இதை வைக்க நெஞ்சுறுதி வேண்டும். நம் ஆட்களாக இருந்தால் பின்னணி இசையை ஏற்றிவிட்டு, நாலு பேரை அழவைத்து, வசனம் பேசவைத்து முடித்திருப்பார்கள். வரைகிறவனுக்கு அந்த வசதி இல்லை. அந்தக் குட்டி எப்படி நகரும், எங்கே மூக்கை நீட்டும், தலையை எந்தப் பக்கம் சாய்க்கும் என்று ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் பென்சிலை வைக்க முடியும். தற்செயலாக வந்து விழுகிற அசைவு என்று அவன் வேலையில் ஒன்றுமே கிடையாது.

அனிமேட்டர்கள் பலரும் மேசையில் ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். தன் முகத்தைத் தானே சுளித்துப் பார்த்து, புருவம் எப்படிப் போகிறது என்று கவனித்து வரைவார்கள். கும்பகோணம் பக்கத்து பொம்மலாட்டம் பார்த்தவர்களுக்கு இது புரியும். நூலும் கம்பியும் சேர்ந்த ஆட்டம் அது. நூல்களைக் கட்டிய இரும்பு வளையத்தை ஆட்டுகிறவர் கிரீடம் மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு, பொம்மையின் கையைக் கம்பியால் அசைப்பார். பெரிய பொம்மை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும்கூட இருக்கும். அவர் தலை சாய்த்தால்தான் பொம்மை சாயும். முதலில் ஆடுவது அவர் உடம்பு. திரைக்கு மேலே அவர் முகம் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்தக் கலை இருக்கிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு அனிமேஷன் படித்தவனை 'கம்ப்யூட்டர் வேலை' என்று ஒதுக்குகிறோமே என்றுதான் வருத்தமாக இருக்கிறது.

1999-ல் மின்காஃப் நிஜ நடிகர்களை வைத்துப் படம் எடுக்க வந்தார். 'ஸ்டூவர்ட் லிட்டில்' ஒரு எலியைத் தத்தெடுக்கும் குடும்பத்தின் கதை. ஹியூ லாரியும் ஜீனா டேவிஸும் அப்பா அம்மா. எலிக்குக் குரல் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ். திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர் நைட் ஷ்யாமளன், நம் காரைக்காலைப் போலவே புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் இருக்கிற மாஹேயில் பிறந்தவர். படப்பிடிப்பில் எலி கிடையாது. பின்னால் கணினியில் வந்து சேர்ந்தவன் அவன். அந்த அம்மா குனிந்து கொஞ்சுவது வெறும் காற்றை. பார்வை ஓர் அங்குலம் தள்ளிப் போனாலும் நமக்குப் பொய் தெரிந்துவிடும். படம் முழுக்க அந்தப் பொய் எனக்குத் தெரியவில்லை. வாஷிங் மெஷினுக்குள் மாட்டிக்கொள்ளும் காட்சியில் அவன் ரோமம் நனைந்து ஒட்டிக்கொள்வதைப் பாருங்கள், அந்தக் காலக் கணினிக்கு அது லேசான வேலை இல்லை. ஆஸ்கர் விஷுவல் எஃபெக்ட்ஸ் பரிந்துரை கிடைத்தது. விருதை 'மேட்ரிக்ஸ்' வாங்கிக்கொண்டு போனது.

சுனாமிக்குப் பிந்தைய வருஷங்களில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு காப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் இந்தப் படத்தின் டிவிடியைப் போட்டோம். அந்த வீட்டுப் பையன் ஜார்ஜ் தம்பி வேண்டும் என்று ஆசையாய்க் காத்திருந்து, வந்தது எலி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் சிரிப்பு வரும் என்று நினைத்த இடம் அது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை, "புது வீட்டுக்குப் போனா அப்படித்தான் சார் இருக்கும்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் குளத்தில் பொம்மைப் பாய்க்கப்பல் போட்டி வந்தது. ரிமோட் உடைந்துபோய் எலியே கப்பலில் ஏறி ஓட்டுவான். அத்தனையும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். "காத்து அந்தப் பக்கம் அடிக்குதுடா, பாயை இழு, இழு" என்று ஒருவன் எழுந்து நின்று கத்த, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடல் அவர்கள் வீட்டில் யாரை எடுத்துக்கொண்டு போனது என்று அங்கே இருந்த எங்களுக்குத் தெரியும். பார்க்கிற பிள்ளையைக் குறைத்து மதிப்பிடாத படமாக இருந்ததால்தான் அது அவர்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது.

இதற்குப் பிறகு அவர் எடுத்ததெல்லாம் தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். 2002-ல் வந்த எலியின் இரண்டாம் பாகம் பரவாயில்லை. 2003-ல் எடி மர்ஃபியை வைத்து எடுத்த பேய் வீட்டுப் படம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 2008-ல் ஜாக்கி சானையும் ஜெட் லீயையும் முதல்முறையாகச் சேர்த்து வைத்து 'ஃபர்பிட்டன் கிங்டம்' எடுத்தார், சண்டைக்காகவே பார்க்கலாம். 2014-ல் மறுபடி அனிமேஷனுக்கே திரும்பி 'மிஸ்டர் பீபாடி அண்ட் ஷெர்மன்' எடுத்தார். நாய் ஒன்று மனிதக் குழந்தையைத் தத்தெடுக்கும் கதை. ஸ்டூவர்ட்டை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி! தயாரித்த நிறுவனத்துக்கு 5 கோடி டாலருக்கு மேல் நஷ்டக் கணக்கு. எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஒரு பிள்ளையை யார் வளர்க்கலாம், எது குடும்பம் என்ற கேள்வியை இந்த மனிதர் விடவே இல்லை என்பது அதில் தெரிகிறது.

இங்கே என்ன நிலைமை? பத்திரிகையில் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்த சிம்புதேவனை நம்பி ஷங்கர் பணம் போட்டார். 2006-ல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' வந்தது. பாட்டியும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து சிரித்த படம். அந்த வழியில் வரிசையாகப் பலர் வந்திருக்க வேண்டாமா? தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூரிலிருந்து போன பிள்ளைகள் சென்னை ஸ்டுடியோக்களில் ராத்திரி ஷிப்ட் பார்த்து, பெரிய ஹீரோ படத்தில் சண்டைக்கு நடிகரைக் கட்டித் தூக்கிய கயிற்றைக் கணினியில் அழிப்பதும் வானம் மாற்றுவதுமாக இருக்கிறார்கள். அந்த வேலைக்கும் உத்தரவாதம் இல்லை. ஸ்டூவர்ட்டின் பூனைகளைப் பேசவைத்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், புதுச்சேரியிலும் படமாக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை'க்காக 2013-ல் ஆஸ்கர் வாங்கியது. வாங்கிய அதே மாதம்தான் திவால் மனுவும் போட்டது. வரைகிறவன் கடைசி வரை அடுத்தவன் கதைக்கே வரைந்துகொண்டிருந்தால் அவன் நிலைமை இப்படித்தான் ஆகும். அவனிடம் கதை கேளுங்கள் என்று தயாரிப்பாளர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். முழுப் படம் வேண்டாம், ஏழெட்டு நிமிடம் போதும்.

டெல்டா பக்கத்துப் பிள்ளைகள் யாராவது சொந்தக் கதையில் அப்படி ஒன்று செய்து வைத்திருந்தால் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். முடியாமல் பாதியில் நிற்பதாக இருந்தாலும் சரி. கோடை விடுமுறையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் திரையிடப் போகிறேன். ப்ரொஜெக்டருக்குச் சொல்லி வைத்தாயிற்று, தலைமையாசிரியரும் சம்மதித்துவிட்டார்.