அளந்துகொண்டே இருந்தால் சதுப்பு பிழைக்குமா?

சென்ற வாரம் நண்பர் ஒருவரோடு சின்ன வாக்குவாதம். உவர்ச்சதுப்பு ஆராய்ச்சி பற்றி எங்கோ படித்திருக்கிறார். "இருபது வருஷமா அதே சேத்துல நின்னு அளந்துட்டே இருக்காங்கப்பா. அந்தக் காசுல புல்லை நட்டிருந்தா இந்நேரம் பச்சைப்பசேல்னு ஆகியிருக்கும்" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வழக்கம்போல வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாப் பதிலும் வரிசையாக வந்தது. அதைத்தான் இங்கே கொட்டுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உவர்ச்சதுப்பு என்றதும் நம்மில் பலருக்கு அலையாத்திக் காடுதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் ஓதம் (தினமும் ஏறி வற்றும் கடல்நீர்) ஏறி இறங்கும் நிலம்தான், ஆனால் அங்கே மரங்கள் உண்டு. நான் சொல்வது மரமே இல்லாத நிலம். புல்லும், உமரி போன்ற சதைப்பற்றுள்ள செடிகளும் மட்டும் மண்டிக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மேய்ச்சலுக்கு விட்டுவைத்த புல்வெளி போலத் தெரியும். காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். புகைப்படத்துக்கு லாயக்கில்லாத இடம் என்பதாலோ என்னவோ, அதற்கு ரசிகர்கள் குறைவு. செயற்கைக்கோள் படங்களை வைத்துப் போட்ட கணக்குப்படி உலகம் முழுவதும் சேர்த்தே சுமார் 53,000 சதுர கிலோமீட்டர்தான் இருக்கிறது.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடந்த சோதனையைச் சொல்வேன். அங்கே 300 மீட்டர் நீளத்தில் ஒரு அலைத்தொட்டி இருக்கிறது. நிஜமான சதுப்பைப் பாளம் பாளமாக வெட்டிக்கொண்டு வந்து அதற்குள் சுமார் 40 மீட்டர் நீளத்துக்குப் பரப்பி, புயல் நேரத்து அலைகளை அதன்மேல் விட்டார்கள். 2014இல் முடிவு வெளியானது. அலை தணிந்ததில் 60 சதவீதம் வரை செடிகளால் மட்டுமே நடந்தது. தண்டுகள் முறிந்து விழுந்த பிறகும் அடிமண் கரையாமல் நின்றது. ஒரு சாண் மண்ணுக்குள் வேர் என்ன வேலை பார்க்கிறது என்பது புரிய இது ஒன்று போதும்.

சரி, அளப்பதற்கு வருகிறேன். அப்படி என்னதான் அளக்கிறார்கள்?

சதுப்பு பிழைப்பதும் மூழ்குவதும் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: கடல் உயரும் வேகத்துக்கு நிலமும் உயர்கிறதா? கடல் மட்டம் இப்போது ஆண்டுக்குச் சராசரியாக 4 மில்லிமீட்டருக்கு மேல் உயர்கிறது. சதுப்பும் சும்மா இருப்பதில்லை. ஓதம் கொண்டுவரும் வண்டலைப் புல் வடிகட்டிக் கீழே படியவைக்கிறது. செத்த வேர்கள் மக்காமல் அடியில் சேர்ந்து நிலத்தை மேலே தள்ளுகின்றன. இந்தப் பந்தயத்தில் யார் முந்துகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. ஓர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், அவ்வளவுதான்.

அதைப் பிடிக்க அவர்கள் செய்யும் வேலையைப் பாருங்கள். மெல்லிய உலோகக் கம்பி ஒன்றைத் துண்டு துண்டாக இணைத்துச் சேற்றுக்குள் அடித்துக்கொண்டே போகிறார்கள். இனி இறங்காது என்கிற வரை. பல இடங்களில் அது பத்து மீட்டரைத் தாண்டிப் போகும். அந்தக் கம்பியின் தலை அசையாது, அதுதான் ஆதாரப்புள்ளி. அதில் கை போல நீளும் ஒரு சட்டத்தை மட்டமாகப் பொருத்தி, ஒன்பது ஊசிகளை நிலம் தொடும் வரை மெதுவாக இறக்குவார்கள். சட்டத்தைத் திருப்பி நான்கு திசையிலும் இதையே செய்தால் 36 அளவுகள். நண்டு வளைக்குள் ஊசி இறங்கிவிட்டால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அளப்பவரின் கால் பட்டு நிலம் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பலகை போட்டு அதன்மேல்தான் நிற்பார்கள், மண்டியிடுவார்கள், சிலசமயம் குப்புறப் படுப்பார்கள். பக்கத்திலேயே ஒரு சதுரத்தில் ஃபெல்ட்ஸ்பார் என்ற வெள்ளைக் கனிமத் தூளைத் தூவி வைத்திருப்பார்கள். ஓரிரு ஆண்டு கழித்து அந்த இடத்தில் ஒரு குழாயைச் செருகி, திரவ நைட்ரஜன் விட்டு மண்ணை உறையவைத்து உருவினால், நடுவில் அந்த வெள்ளைக் கோடு தெரியும். கோட்டுக்கு மேல் எவ்வளவு மண் இருக்கிறதோ அதுதான் இடைக்காலத்தில் படிந்த வண்டல்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை தெரியும். மேலே 5 மில்லிமீட்டர் படிந்திருக்கிறது, ஆனால் நிலம் 2 மில்லிமீட்டர்தான் உயர்ந்திருக்கிறது என்றால் அடியில் எங்கோ அமுங்குகிறது என்று அர்த்தம். மேலே புல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் சரி. இதை ஒரு வருடம் அளந்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு புயல் வந்து நிறைய வண்டலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம், ஒரு வறட்சியில் மண் சுருங்கியிருக்கலாம். வருடக்கணக்கில் அளந்தால்தான் போக்கு பிடிபடும்.

"நட்டிருந்தால்" என்றாரே நண்பர், நட்ட கதையையும் சொல்கிறேன். ஸ்பார்ட்டினா என்ற புல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சதுப்பின் உயிர்நாடி. கரையைக் காக்கும், நிலத்தைக் கூட்டும் என்று சீனா 1979இல் அதைக் கொண்டுபோய் நட்டது. சொன்னபடியே நிலத்தைக் கூட்டியது. அதோடு நிற்கவில்லை. வலசைப் பறவைகள் இரை தேடும் சேற்று வெளிகளை மூடிக்கொண்டு கரை நெடுகப் பரவியது. 2022இல் அதை ஒழிக்கத் தனிச் செயல்திட்டமே போட வேண்டியதாயிற்று. அமெரிக்காவிலேயே கூட, கிழக்குக் கரைப் புல்லை 1970களில் மேற்கே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் சீரமைப்பு வேலை என்று சொல்லி நட்டார்கள். அது உள்ளூர்ப் புல்லோடு கலந்து ஒரு முரட்டுக் கலப்பினத்தைப் பெற்றெடுத்தது. அதைக் களையெடுக்கப் போனால் இன்னொரு சிக்கல்: அழியும் நிலையிலிருந்த ரிட்ஜ்வே கானாங்கோழி அந்த உயரமான கலப்பினப் புல்லுக்குள்தான் ஒளிந்து பிழைத்துக்கொண்டிருந்தது. புல்லை எடுத்ததும் பறவையின் எண்ணிக்கை சரிந்தது. சில இடங்களில் களையெடுப்பையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. நல்ல எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை, பாருங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது நத்தைக் கதை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் சபேலோ தீவில் 1950களிலிருந்தே சதுப்பு ஆராய்ச்சி நடக்கிறது. ஸ்பார்ட்டினா புல்லைப் பச்சையாகத் தின்பவை ரொம்பக் கொஞ்சம், சதுப்பின் தலையெழுத்தை எழுதுவது மண்ணும் உப்பும் உரச்சத்தும்தான் என்பது பல பத்தாண்டுகளாக அசையாத பாடம். புல்தண்டுகளில் சின்னச் சின்ன நத்தைகள் ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். செத்ததைத் தின்கிற சாது என்று விட்டுவிட்டார்கள். பிரையன் சில்லிமன், மார்க் பெர்ட்னெஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கூண்டு வைத்துச் சோதித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். நத்தையைத் தின்னும் நண்டுகள் உள்ளே வராமல் தடுத்து, நத்தைகளைப் பெருகவிட்டால், எட்டே மாதத்தில் பச்சைப் புல்வெளி வெறும் சேறு. அந்தச் சாது நத்தை புல்லைச் சுரண்டிக் காயம் பண்ணி, அந்தக் காயத்தில் பூஞ்சை வளரவிட்டு, தன் எச்சத்தையே அதற்கு உரமாகப் போட்டு, பிறகு பூஞ்சையைத் தின்கிறது. விவசாயம் பார்க்கும் நத்தை! ஆக, சதுப்பைக் காப்பாற்ற நண்டு பிடிப்பதையும் கவனிக்க வேண்டும் என்று ஆயிற்று. புல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

(இதற்கு வடக்கே, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் பகுதியில் நண்டே வில்லன். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர்கள் பெரிய மீன்களைக் காலி செய்ய, அந்த மீன்களுக்கு இரையாக இருந்த ஊதா நிற நண்டு பெருகி, இரவில் புல்லை மொட்டையடித்துவிட்டது. அப்புறம் ஐரோப்பாவிலிருந்து வந்தேறிய பச்சை நண்டு இந்த ஊதா நண்டை வளையைவிட்டு விரட்ட, சில இடங்களில் புல் திரும்ப வந்தது. வந்தேறி என்றாலே விரோதி என்று எழுதிப் பழகிய என்னைப் போன்றவர்களுக்குச் சங்கடமான செய்திதான்.)

என் வாதத்துக்கு முதுகெலும்பு என்று கேட்டால் பிளம் தீவு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. வயல்களிலிருந்தும் சாக்கடைகளிலிருந்தும் கடலுக்கு வரும் நைட்ரஜன் சதுப்பை என்ன செய்கிறது என்று பார்க்க, லிண்டா டீகன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2004இல் ஒரு காரியத்தைத் தொடங்கினார்கள். தொட்டிச்செடி அளவில் இல்லை, முழு ஓடைகளையே எடுத்துக்கொண்டு, புல் வளரும் காலம் முழுக்க ஏறும் ஓதத்தில் நைட்ரேட்டைக் கலந்துவிட்டார்கள். முதல் சில ஆண்டுகள் ஓடையோரப் புல் ஜோராக, உயரமாக வளர்ந்தது. உரம் போட்டால் வளரத்தானே செய்யும்?

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். இது ஒரு மூன்று வருடத் திட்டமாக இருந்திருந்தால்? "நைட்ரஜனால் சதுப்புக்குப் பாதிப்பில்லை, லாபம்தான்" என்று அறிக்கை எழுதி, அட்டைப்படத்தில் உயரமான புல்லைப் போட்டுக் கோப்பை மூடியிருப்பார்கள்.

அவர்கள் ஒன்பது ஆண்டு பார்த்தார்கள். உரம் தாராளமாகக் கிடைத்ததால் புல் வேரில் முதலீடு செய்வதைக் குறைத்துக்கொண்டது. மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் அடியில் சேர்ந்திருந்த வேர்க்கழிவை வேகமாக மக்கவைத்தன. மேலே கனம் கூடி, கீழே பிடிப்பு குறைந்து, கரைகளில் விரிசல் விட்டது. பிறகு புல்லோடு சேர்ந்து பாளம் பாளமாக ஓடைக்குள் சரிந்தன. பச்சைப்பசேல் என்று இருந்த இடம்தான் முதலில் விழுந்தது. 2012இல் நேச்சர் அறிவியல் இதழில் இது வந்தபோது, சாக்கடை நீரைச் சுத்திகரிப்பதும் சதுப்புப் பாதுகாப்புதான் என்று சொல்லக் கையில் உறுதியான ஆதாரம் கிடைத்தது.

நண்பர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாவற்றுக்கும் காத்திருக்க முடியாது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் சதுப்புப் புல்லுக்குள்ளேயே கூடு கட்டும் ஒரு சின்னக் குருவி இருக்கிறது. கூடு தரையிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு இறங்க மூன்றரை வாரம்போல ஆகும். அமாவாசைப் பெரு ஓதம் வந்து கூட்டை அடித்துக்கொண்டு போனால், தாய்க்குருவி சில நாட்களுக்குள் மறுபடி கட்டத் தொடங்குகிறது. அடுத்த பெரு ஓதத்துக்குள் குஞ்சு இறங்கிவிட்டால் தப்பித்தது. நிலாவோடு போட்ட அந்தக் கணக்கில் மீதி ஓரிரு நாள்தான். கடல் கொஞ்சம் உயர்ந்ததும் அந்த மீதியும் போய்விட்டது. 1998க்கும் 2012க்கும் இடையில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்ற வேகத்தில் குறைந்திருக்கிறது. இந்தக் குருவியிடம் போய் இன்னும் பத்து வருடம் தரவு சேர்க்கிறோம் என்று சொல்ல முடியுமா?

ஆனால் அங்கேயும், செய்வதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கரையின் சதுப்புகளில் கிட்டத்தட்ட 90 சதவீதத்தில் 1938க்குள் கொசு ஒழிப்புக்கென்று நேர்கோட்டில் கால்வாய் வெட்டிவிட்டார்கள். பொருளாதார மந்தக் காலம், வேலை கொடுக்க ஒரு வழி. யாரும் முன்னும் பின்னும் அளக்கவில்லை. கால்வாய் ஓரம் மண் காய்ந்து அமுங்கியது; வெட்டிப்போட்ட மண்மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிப் புல் அழுகியது. இப்போது அதைச் சரிசெய்ய, ஒரு அடி ஆழம்கூட இல்லாத சிறு வாய்க்கால்களைக் கீறித் தேங்கிய நீரை மட்டும் வடியவிடுகிறார்கள். பழைய கால்வாய்களில் அங்கேயே அறுத்த புல்லைப் போட்டு வண்டல் பிடிக்கவைத்து, மெல்லத் தூர்க்கிறார்கள். கொஞ்சம் செய்து, தொடாத இடத்தோடு ஒப்பிட்டு, அப்புறம் அடுத்ததுக்குப் போகிறார்கள். அவசரத்திலும் அளவுகோலைக் கீழே வைக்காத வேலை இது.

இந்த வேலை எதுவும் செல்லாத இடமும் உண்டு. பின்னால் கடற்சுவரோ சாலையோ இருந்தால், உயரும் கடலுக்கு முன்னால் சதுப்பு பின்வாங்கிப் போக வழியில்லை. நசுங்கிச் சாகும். இங்கிலாந்தில் மெட்மெரி, ஸ்டீயர்ட் போன்ற இடங்களில் கரையை அவர்களே உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். வாலசி தீவில் லண்டன் சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய 30 லட்சம் டன்னுக்கும் மேலான மண்ணைக் கொட்டி நிலத்தை உயர்த்தினார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு. ஒரே ஒரு விஷயத்தில்தான் மனசு ஒப்பவில்லை: பழைய சதுப்பை அழித்துவிட்டு "அங்கே புதிதாக உண்டாக்கித் தருகிறோம்" என்று பண்டமாற்றுப் பேசுவது. இப்படி உண்டாக்கிய சதுப்புகளை இயற்கையானவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பல ஆண்டுகள் கழிந்தும் செடிக்கூட்டம் அதேபோல அமையவில்லை. இதையும் ஆண்டுக்கணக்கில் செடி எண்ணியவர்கள்தான் சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவின் கிழக்கே செசபீக் விரிகுடாவை ஒட்டிய பிளாக்வாட்டர் முதலிய சதுப்புகளில் நியூட்ரியா என்ற பிராணி பெரும் தொல்லையாக இருந்தது. ரோமத்துக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. பெருச்சாளியைப் பல மடங்கு பெரிதாக்கியது போல இருக்கும். புல்லை வேரோடு தோண்டித் தின்றுவிடும், பிறகு அந்த இடம் குளம்தான். 2002இல் வேலை தொடங்கி, சுமார் 14,000 பிராணிகளைப் பிடித்தார்கள். கடைசியாக ஒன்று கண்ணில் பட்டது 2015இல். ஆனால் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது 2022இல். இடையில் ஏழு வருடம், மிதக்கும் பலகைகளில் ஒரு மயிரிழையாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டும், புழுக்கையை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்களைக் கூட்டிக்கொண்டும் அதே சேற்றில் நடந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு நாளும் குறிப்பேட்டில் எழுதியது: இன்றும் எதுவும் இல்லை.

நண்பருக்கு இதை அனுப்பப் போகிறேன். அந்த ஏழு வருடச் சம்பளம் வீண் என்பாரா, பார்க்கலாம்.