பெயின்ட் டப்பாவை ஓரமா வைங்க, முதல்ல டகோட்டாவோட வாலுக்கு அடியில பாருங்க

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 நெருங்கினால் போதும், காட்சிக்கு நிற்கிற பழைய விமானத்துக்கு எனாமல் அடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் கல்யாண வீட்டு முகப்பு மாதிரி பளபளக்கும். கிட்டே போய் அடிவயிற்றுத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி உள்ளே போகும். முதல் செலவு கூரைக்கு, அடுத்தது தண்ணீர் வடியும் துளைகளுக்கு. பெயின்ட் அதுக்கெல்லாம் பின்னால் வந்தால் போதுங்க.

இரண்டு எஞ்சின் கொண்ட பழைய காத்தாடி விமானம் டகோட்டாவையே எடுத்துக்கொள்வோம். இதன் மூல வடிவமான டி.சி.3 என்கிற பயணிகள் விமானம் முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17. 1947 அக்டோபர் 27 அன்று காஷ்மீர்ப் போரில் ஸ்ரீநகரில் சீக்கியப் படைப்பிரிவை இறக்கியது அதன் ராணுவ வடிவமான டகோட்டாதான். அந்த நினைவாக 'பரசுராமா' என்று பெயரிட்ட ஒரு டகோட்டா பிரிட்டனில் சீரமைக்கப்பட்டு 2018-ல் தானே பறந்து இந்தியா வந்தது. விமானியாகவும் இருந்த ஒடிசா முன்னாள் முதல்வர் பிஜு பட்நாயக்கின் டகோட்டாவோ கொல்கத்தா விமான நிலையத்தில் பல காலம் கிடந்து, 2023 ஜனவரியில் பிரிக்கப்பட்டு லாரிகளில் புவனேஸ்வர் போய்ச் சேர்ந்தது. எண்பது வயது இந்த உலோகத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. தேங்கின தண்ணிதான் இதற்கு எமன்.

டகோட்டா வால் சக்கரத்தில் உட்காரும் விமானம். மூக்கு மேலே, வால் கீழே. காக்பிட் கண்ணாடி ஓரம் மழையில் ஒழுகும் என்பது பறக்கிற காலத்திலேயே விமானிகளிடம் பிரசித்தம். ஒழுகிய தண்ணி தரைப்பலகைக்கு அடியில் சரிந்து வாலுக்குத்தான் வரும். அடிவயிற்றில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் உண்டு. தூசி, மைனா கொண்டுவந்த புல், குளவி மண், கடைசியாக நம்ம எனாமல் எல்லாம் சேர்ந்து அதை அடைத்துவிடும். புல் ஈரத்தைப் பஞ்சு மாதிரி பிடித்து வைக்கும். வால் சக்கரம் மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டம் அங்கேதான் பொருக்கு விடத் தொடங்கும்.

ஆகவே தரைப்பலகையைக் கழற்றி, குப்பையைக் காய்ந்த நிலையிலேயே பிரஷ்ஷால் கூட்டி, வாக்குவம் போட்டு எடுக்கணும். குப்பையைக் கூட்டாமல் எடுத்த எடுப்பிலேயே தண்ணி அடித்தால் சேறாகி இடுக்கில் இறங்கும். துளையை மூங்கில் குச்சியால் திறக்கணும், டிரில் பிட் வேண்டாம். பிறகு முன்பக்கம் ஒரு செம்புத் தண்ணி ஊற்றி, அது வாலடியில் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வேலை முடியவில்லை. ஆடிக்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை. கழுவ உப்பில்லாத சிறுவாணித் தண்ணி கிடைத்தால் நல்லது. உப்பு போர்வெல் தண்ணி காய்ந்தால் இடுக்கெல்லாம் உப்பு தங்கி அரிக்கும். கார் கழுவுகிற பிரஷர் மெஷினைப் பக்கத்திலேயே விடக் கூடாது.

தகட்டு விஷயத்தில் நம்ம கோயமுத்தூர் பட்டறைகளின் திறமையே ஆபத்தாகிவிடும். இது கேட்டுக்கு அடிக்கிற தகடு இல்லை. நூற்றுக்கு நாலு பங்கு அளவில் செம்பு கலந்த அலுமினியக் கலவை. பலம் அதிகம், ஆனால் சீக்கிரம் அரிக்கும். அதனால் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாக ஒட்டியிருப்பார்கள். மெல்லிய தகட்டில் அந்தத் தோல் ஒரு பக்கத்துக்கு மொத்தக் கனத்தில் சுமார் 5 சதவீதம்தான். பழைய பெயின்டை எடுக்க கிரைண்டர் போட்டால் ஒரே ஓட்டத்தில் தோல் போச்சு. அதுமேல் இரும்புக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பூசினால் பிடிக்காது, இரண்டு மழையில் கொப்பளிக்கும். அலுமினியத்துக்கு எட்ச் பிரைமரோ எபாக்சி பிரைமரோதான் சரி. ஓட்டை விழுந்த இடத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. இந்தக் கலவை சூட்டில் விரிசல் விடும். ஒட்டுத் தகடு வைத்து முழு ரிவெட் அடிக்கணும். பாப் ரிவெட் சுலபம்தான், ஆனால் நடுவில் பொள்ளல். அது வழியாகத் தண்ணி உள்ளே போகும். துரு பிடிக்காதே என்று எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் மாட்டுவது இன்னொரு தப்பு. போல்ட் நன்றாக இருக்கும், ஈரம் பட்டதும் அதைச் சுற்றியுள்ள அலுமினியம் கரையும். கேட்மியம் பூசிய போல்ட்டைச் சீலன்ட் தடவிப் போடுவதுதான் முறை.

வாலில் அசையும் பாகங்களும் இறக்கை நுனியில் விமானத்தைச் சாய்க்கிற மடலான அய்லரானும் உலோகச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை. இது தெரியாமல் பலர் தகடு என்று நினைத்துத் தட்டிப் பார்த்துக் கிழித்துவிடுகிறார்கள். பழைய தரக் கணக்கில் அது பருத்தி நெசவு: அங்குலத்துக்கு 80 இழை, சதுர கெஜம் 4 அவுன்ஸ், ஒரு அங்குலப் பட்டை 80 பவுண்டு இழுவை தாங்கணும். திருப்பூர் பின்னல் துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும், ஆகாது. சோமனூர், பல்லடம் பக்கம் தறியில் இதைச் சொல்லி நெய்து வாங்கலாம். மேலே டோப் என்கிற விமானத் துணிப் பூச்சைப் பூசினால் துணி பறை மாதிரி இறுகும். அதில் அலுமினியப் பொடி கலந்த பூச்சு ஒன்று இருக்கணும், வெயிலைத் தடுப்பது அதுதான். எனாமல் இறுக்காது, வெடிக்கும்.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர், 28 ஸ்பார்க் பிளக். நின்றபடியே ஆயில் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். அந்த நிலையில் போட்டோவுக்காக யாராவது காத்தாடியைப் பலமாகச் சுற்றினால், ஆயில் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். கீழ் பிளக்குகளைக் கழற்றி வடித்து, அந்த இடத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பிளக் மாட்டுங்கள். நீலம் ரோஸ் ஆனால் மாற்றணும்.

காக்பிட்டுக்குள் குழந்தைகளை விடுமுன் கருவி முகப்புகளைக் கதிர்வீச்சு மீட்டரால் சோதிக்கணும். அந்தக் காலத்து ஒளிரும் எழுத்தில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கிவிட்டதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. மங்கினது பாஸ்பர் என்கிற ஒளிரும் பொடிதான், ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னொரு தலைவலி. மூக்கை மேற்கே திருப்பி நிறுத்தி, கயிறு கட்டி, அசையும் பாகங்களுக்கு மரப்பூட்டுப் போடாவிட்டால் ஆடிக் காற்றில் கீல் உடையும். எட்டு டன் பாரம் டயரில் நிற்கக் கூடாது. ஜாக்கி வைக்கக் குறித்த இடத்தில் தாங்கி வைத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும்.

கூரைக்கு மாதிரி தேடி வெளியூர் போக வேண்டாம். பல்லடத்துக் கோழிப் பண்ணையைப் பாருங்கள்: நீளவாக்கு கிழக்கு மேற்கு, பக்கம் திறப்பு, வலை. வெயில் உள்ளே வராது, காற்று போகும், பறவை நுழையாது. இதையே பெரிதாகச் செய்தால் போதும். பழைய மில் ஷெட் தோதுப்படாது, நடுவில் தூண்கள். டகோட்டாவின் இறக்கை அகலம் 29 மீட்டர், ஆகவே 35 மீட்டர் தூணில்லாத இடைவெளி வேண்டும். சூலூர் விமானப்படைத் தளத்து வானத்தில் நாம் கேட்டுப் பழகிய சரக்கு விமானம் ஏ.என்.32-க்கும் அகலம் கிட்டத்தட்ட அதேதான், 29 மீட்டர் சொச்சம். ஆனால் டகோட்டா உயரம் 5 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், ஏ.என்.32 எட்டே முக்கால். அதுவும் ஒருநாள் ஓய்வு பெற்றுக் காட்சிக்கு வரும். இப்போது ஷெட் போடுகிறவர்கள் தூணை 10 மீட்டராக வைத்துவிட்டால் அன்றைக்குக் கூரையைப் பிரிக்க வேண்டியிருக்காது.