பரிதாபப்பட்டு வாங்கிய குதிரை

பாலக்காட்டுப் பக்கம் தத்தமங்கலத்தில் 'அங்காடி வேலை' என்கிற திருவிழாவில் நடக்கும் குதிரையோட்டத்தை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். குதிரை என்றால் ஆகாதவன் பேசுகிறான் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

போன வருஷம் வேலந்தாவளம் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பில் பெட்டை மட்டக்குதிரை ஒன்று கட்டிக் கிடந்தது. விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். முன்னங்கால் குளம்பு இரண்டும் வளர்ந்து, சினிமா ராஜா போடும் செருப்பு மாதிரி நுனி மேலே சுருண்டிருந்தது. கல்யாண ஊர்வலத்துக்கு வைத்திருந்ததாம். "கழுத்துல சுழி சரியில்லீங்ணா, எவனும் வாங்க மாட்டேங்கறான். ஏழாயிரம் குடுத்துட்டு ஓட்டிட்டுப் போயிருங்க" என்றார் குதிரைக்காரர். கொடுத்தேன். இங்கே படமும் போட்டேன். நீங்களெல்லாம் இதயம் போட்டீர்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே மரத்தில் வேறொரு குதிரை. என் ஏழாயிரத்தோடு கொஞ்சம் சேர்த்து வாங்கினாராம். என்னைப் பார்த்ததும் ரொம்ப மரியாதையாக, "இதையும் பாக்கறீங்களாண்ணா?" என்று வேறு கேட்டார்.

காசு கொடுத்து வாங்கிவிட்டு மீட்டேன் என்று சொல்லாதீர்கள். நான் மீட்கவில்லை, விற்காத சரக்கை விற்றுக் கொடுத்தேன். 2012 கணக்கெடுப்பில் நாட்டில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டங்களும் 2019இல் சுமார் 3.4 லட்சம்தான். வேலை போன கிழட்டு மட்டத்துக்கு விலை கிடையாது. பரிதாபப்படுகிறவன் வந்து நின்றால்தான் விலை.

புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்பீர்கள். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். சாப்பாட்டுக்கே காணாது. ஆனால் அதே சட்டத்தின் 29ஆம் பிரிவைப் பலர் பார்ப்பதில்லை. தண்டனை ஆனால், கோர்ட் பிராணியைப் பறிக்கலாம், அந்த ஆள் இனி எந்தப் பிராணியும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் உத்தரவிடலாம். அலைச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மரத்தடி காலியாக இருக்க அது ஒன்றுதான் வழி. நான் அலைய சோம்பல்பட்டு ஏழாயிரத்தில் முடித்துக்கொண்டேன்.

சரி, வாங்கியாயிற்று. வந்த அன்றே பக்கத்து வீட்டு அக்கா ஒரு படி கொள்ளை ஊறவைத்துக் கொண்டுவந்தார். டாக்டர் வந்து பதறிப்போய்ப் பாத்திரத்தைத் தூக்கச் சொன்னார். மாசக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாகத் தானியத்தைப் போட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து இதயமே நின்றுபோகுமாம். சில நாள் நன்றாகத் தின்றுவிட்டுத் திடீரென்று விழுந்து செத்த குதிரைகள் உண்டாம். எங்களுக்கு அவர் எழுதிக் கொடுத்தது குதிரைமசால் என்கிற தீவனப் பயிர். பேரிலேயே குதிரை இருந்தும் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், கொஞ்சம் கொஞ்சமாக, பத்து நாளில் ஏற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போனால் இருட்டில் அது எனக்கு முன்பே எழுந்து நின்றிருக்கும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போன தப்பு வெளியே வராது என்ற பயத்திலேயே நானும் மனைவியும் தோப்பில் கிடந்த பிளாஸ்டிக்கையெல்லாம் பொறுக்கினோம்.

அப்புறம் குளம்பு. ஒரே நாளில் வெட்டித் தள்ள முடியாது, தவணை தவணையாகத்தான் குறைக்க வேண்டும். சரியான பிறகும் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒரு தரம் லாடக்காரர் வந்தாக வேண்டும். குதிரைப் பல்லை அரம் வைத்து ராவ ஆள் கிடைக்காமல் பொள்ளாச்சி வரை தேடினேன். எங்கள் பக்கம் எல்லோருக்கும் மாட்டு வைத்தியம்தான் பழக்கம். பல்லைப் பார்த்து வயது பன்னிரண்டு இருக்கும் என்றார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25, 30 வருஷம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என்னால் முடியாது என்று தெரிந்து வேறு வீடு தேடினேன். சும்மா கொடுக்கிறேன் என்றதும் போன் குவிந்தது. சவாரி ஓட்டலாமா? குட்டி போடுமா? ரிசார்ட்டில் நிற்க வைக்கலாமா? ஒருவர் சுழியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும், "ஒத்தையா நின்னா ஏங்கிப் போகுமே, எங்கிட்ட ஆடுதான் இருக்கு, பரவால்லீங்களா?" என்றார். விற்கக் கூடாது, முடியாவிட்டால் எனக்கே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அவரிடம் விட்டேன்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். உடம்பு தேறிவிட்டது. வாலில் பாதியை ஆடு தின்றுவிட்டது.