தாழ்ச்சியடையேன்: 30 வருடம் பொருள் தெரியாமல் சொன்ன வசனம்

ஞாயிறு பள்ளியில் நான் மனப்பாடம் செய்த முதல் சங்கீதம், வேதாகமத்தின் 23-ஆம் சங்கீதம். அப்போது எனக்கு ஐந்து வயது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." கர்த்தர் என்னைத் தாழ்ந்துபோக விடமாட்டார், யார் முன்னாலும் தலைகுனிய விடமாட்டார் என்றுதான் இதை 30 வருடத்துக்கும் மேலாகப் புரிந்துவைத்திருந்தேன். பரீட்சைக்குப் போகும்போது சொன்னேன். வேலைக்கான நேர்காணலுக்கு வெளியே காத்திருந்தபோது சொன்னேன். ஆராதனையில் அந்த வரி வரும்போதெல்லாம் என் கண்ணில் நீர் வந்திருக்கிறது. அது பொய்க் கண்ணீர் இல்லை. ஆனால் வசனம் சொன்னது அது இல்லை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறோம். ஒருநாள் அவர் எங்களிடம் சங்கீதம் 34:10-ஐத் திருப்பச் சொன்னார். "சிங்கக்குட்டிகள் தாழ்ச்சியடைந்து பட்டினியாயிருக்கும், கர்த்தரைத் தேடுகிறவர்களுக்கோ ஒரு நன்மையுங்குறைவுபடாது." வாசித்து முடித்ததும் கேட்டார்: "சிங்கக்குட்டிக்கு என்னப்பா அவமானம்? அதுக்கு இரை கிடைக்கல. தாழ்ச்சின்னா குறைவு."

அவ்வளவுதான். பழைய தமிழில் தாழ்ச்சி என்றால் குறைவு, இல்லாமை என்ற பொருளும் உண்டு. மேய்ப்பன் இருப்பதால் ஆட்டுக்கு ஒரு குறையும் இராது. அதனால்தான் அடுத்த வசனமே புல்லையும் தண்ணீரையும் பற்றிப் பேசுகிறது. நான் அதுவரை அந்தப் புல்லையும் தண்ணீரையும் ஏதோ அழகுக்குச் சொன்னதாக நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். அன்று இரவு வீட்டுக்கு வந்து அந்த ஆறு வசனங்களையும் முதல்முறை வாசிப்பதுபோல வாசித்தேன். அப்போதும் அழுதேன். இந்தமுறை எதற்காக அழுகிறேன் என்று தெரிந்தது.

இந்தப் பதிவை எழுதக் காரணம் இதுதான். நம் சபைகளில் உணர்ச்சிக்குக் குறைவே இல்லை. கீபோர்டில் ஒரு குறிப்பிட்ட சுரம் வந்தால் கை தானாக உயர்கிறது. கன்வென்ஷன் மேடையில் குரல் உயர உயர நமக்கும் உடம்பு நடுங்குகிறது. அதையெல்லாம் நான் பழிக்கவில்லை, நானும் அங்கே நின்றவன்தான். ஆனால் திங்கட்கிழமை காலையில் "நேற்றுப் போதகர் எந்தப் பகுதியிலிருந்து பேசினார்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. "நல்ல அபிஷேகம் இருந்தது", அதாவது ஆவியானவருடைய வல்லமையை உணர்ந்தோம், என்று மட்டும் சொல்கிறோம். இது என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஏன் என்று சொல்ல என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. ஒரு உபவாசக் கூட்டத்தில் அம்மாவை முன்னால் வரச்சொல்லி, தலையில் கைவைத்து, "இந்த வியாதி மரணத்துக்கு ஏதுவாயிராது என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று ஒருவர் தீர்க்கதரிசனம் சொன்னார். கூட்டம் முழுக்க ஸ்தோத்திரம். நானும் தம்பியும் அழுதுகொண்டே கட்டிப்பிடித்துக்கொண்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மரணம் என்ற வார்த்தையே கூடாது என்று ஆகிவிட்டது. அம்மா ஒன்றிரண்டு தடவை ஏதோ சொல்ல வந்தார். "நான் போனதுக்கு அப்புறம்…" என்று ஆரம்பிப்பார். "அப்படிப் பேசாதீங்கம்மா, அது அவிசுவாசம்" என்று நாங்கள் வாயை அடைத்துவிடுவோம். நான்காவது மாதம் அம்மா இறந்துபோனார். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

தம்பி அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை. "கடவுள் பொய் சொல்லிட்டார்ணே" என்றான். என்னிடம் பதில் இல்லை.

பதில் வேதத்தில் இருந்தது. நாங்கள் வாசித்திருக்கவில்லை. அந்த வசனம் யோவான் 11:4. லாசருவைப் பற்றி இயேசு சொன்னது. நம் எல்லாருக்கும் பொதுவான மருத்துவச் சான்று இல்லை. அதே அதிகாரத்தில் பத்து வசனம் தாண்டினால் "லாசரு மரித்துப்போனான்" என்று இயேசுவே வெளிப்படையாகச் சொல்கிறார். லாசருவின் சகோதரி மரியாள் அழுகிறாள், இயேசுவும் கண்ணீர் விடுகிறார். அந்த ஒரு அதிகாரத்தை முழுசாக வாசித்திருந்தால்கூட, மரணத்தைப் பற்றிப் பேசுவது பாவம் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்திருக்கும். "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று பவுல் 2 தீமோத்தேயு 4:20-இல் எழுதுகிறார். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய பவுல், தன் கூட்டாளியைச் சுகமில்லாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதை மறைக்கவும் இல்லை, துரோப்பீமுவின் விசுவாசத்தைக் குறைசொல்லவும் இல்லை. பிலிப்பியர் முதல் அதிகாரத்தில் "சாவு எனக்கு ஆதாயம்" என்றும் எழுதுகிறார். அம்மாவுக்கு அதைச் சொல்ல ஆசை இருந்திருக்கலாம். நாங்கள்தான் விடவில்லை.

தீர்க்கதரிசனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேதமே அப்படிச் சொல்லவில்லை. "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5-இல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. எதை வைத்துச் சோதிப்பது? வேதம் தெரியாதவன் கையில் சோதிக்க என்ன இருக்கிறது? அன்று எங்களிடம் இருந்தது உடம்பு சிலிர்த்தது ஒன்றுதான். அதை நாங்கள் கர்த்தருடைய கையெழுத்து என்று நினைத்துக்கொண்டோம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். எரேமியா 29:11 வராத வருடம் உண்டா? "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் 70 வருடம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உடனே திரும்பலாம் என்று சொல்லும் தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்கிறது அந்தக் கடிதம். அதைக் கையில் வாங்கின பெரியவர்களில் பலர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்குத்தான் கர்த்தர் சமாதானம் என்றார். இதைத் தெரிந்துகொண்டால் வசனம் சின்னதாகிவிடாது. இந்த வருடமே எனக்கு வீடு அமையும் என்பதைவிட எவ்வளவு பெரிய நம்பிக்கை அது!

உபாகமம் 28-உம் அப்படித்தான். "உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்று அட்டையில் வரும். அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14 வசனங்களில் முடிகிறது. மீதி 54 வசனங்கள் சாபம். அவற்றில் ஒன்றையும் நான் எந்த அட்டையிலும் பார்த்ததில்லை. அட்டை போடவேண்டும் என்று சொல்லவில்லை, வாசிக்கவாவது வேண்டும் அல்லவா.

இப்படிப் பேசினால் ஒரு பதில் உடனே வரும். "எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது, ரொம்ப ஆராயாதீங்க பிரதர்." பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், எனக்குக் கோபம் இல்லை. 2 கொரிந்தியர் 3:6-ஐ எடுத்து அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். எழுத்து என்று பவுல் சொல்வது கற்களில் எழுதப்பட்ட நியாயப்பிரமாணத்தை, பழைய உடன்படிக்கையை. வேதத்தைப் படிக்காதே என்று அவர் சொல்லவில்லை. அதே பவுல்தான் சிறையிலிருந்து புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்த மனிதன் கேட்டது ஒரு மேலங்கியும் புத்தகங்களும். எனக்கு இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் மனம் இளகிவிடும்.

இன்னொரு பதில், "அறிவு இறுமாப்பை உண்டாக்கும்" என்பது. இது நியாயமான எச்சரிக்கை, நான் ஏற்றுக்கொள்கிறேன். வேதத்தை வைத்து மற்றவர்களை மடக்குவதற்காகவே படிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து படிக்காமல் இருப்பது இல்லையே.

தமிழர்களாகிய நாம் இதில் சாக்குச் சொல்லவும் முடியாது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துக் கற்றுக்கொண்டார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் மொழிபெயர்த்த நிலையில் 1719-இல் இறந்துபோனார். பிறகு வந்த சுல்ட்ஸ் அதை முடித்தார். அப்புறம் பப்ரிசியுஸ், எங்கள் பாளையங்கோட்டையில் ரேனியஸ் என்று ஆள்மாற்றி ஆள் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குச் சரியான தமிழ் தேடி இவ்வளவு பேர் உழைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லின் பொருள் என்ன என்று நாம் ஒருநாளும் கேட்டுப்பார்ப்பதில்லை.

உணர்ச்சி வேண்டாம் என்று யாராவது இந்தப் பதிவைப் புரிந்துகொண்டால் வருத்தப்படுவேன். நெகேமியா 8-ஐ எடுத்துப் பாருங்கள். எஸ்றா தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியிலே, காலை தொடங்கி மத்தியானம் வரைக்கும் நியாயப்பிரமாண புஸ்தகத்தை வாசிக்கிறார். லேவியர்கள் "அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்." அதற்குப் பிறகுதான் ஜனங்கள் அழுகிறார்கள். பிறகு சந்தோஷப்படுகிறார்கள், தங்களுக்குச் சொன்ன வார்த்தைகளை உணர்ந்துகொண்டபடியால் என்று காரணமும் எழுதியிருக்கிறது. எம்மா என்ற கிராமத்துக்குப் போன சீஷர்கள் இரண்டு பேர் சொன்னதும் அதுதான்: "வேதவாக்கியங்களை நமக்கு விளங்கக்காட்டினபொழுது, நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா." உயிர்த்தெழுந்த இயேசு அவர்களோடு நடந்துபோகிறார். நான்தான் என்று முகத்தைக் காட்டியிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல் வழி நெடுக மோசேயிலிருந்தும் தீர்க்கதரிசிகளிலிருந்தும் எடுத்து விளக்குகிறார். வேத பாடம் முதலில், முகம் பிறகு. இதை நான் எத்தனை தடவை யோசித்தாலும் தீரவில்லை.

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: பெரிய திட்டம் வேண்டாம். பிலிப்பியர் நிருபம் நான்கே அதிகாரம், 104 வசனம். ஒரே உட்காரலில் இருபது நிமிடத்தில் முடியும். யார் எழுதினார், எங்கிருந்து எழுதினார், யாருக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாசியுங்கள். மறுநாள் மறுபடியும் அதையே வாசியுங்கள். ஒரு வாரம் ஆனதும் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்துக்கு வாருங்கள். பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்று அதற்கு முந்தின வசனத்தில் சொல்கிற ஒரு கைதியின் வார்த்தையாக அது கேட்கும். பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் பக்கத்தில் எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வசனத்தோடு ஒத்துப்போகும் மற்ற வசனங்களையும் காட்டும் ஒத்தவாக்கிய வேதாகமம் ஒன்று வாங்கிவிடுங்கள். அம்மாவுடைய வேதாகமத்தில் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார். அதிகமாகக் குறித்திருப்பது பிலிப்பியரில்தான். அவர் போன பிறகுதான் பார்த்தேன்.

போன மாதம் தம்பி ஊருக்கு வந்திருந்தான். புதன்கிழமை என்னோடு வரச்சொன்னேன், சும்மா உட்கார்ந்திரு போதும் என்றேன். அன்று சங்கீதம் 88. அதில் கடைசி வரை விடியவே இல்லை. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்; எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று சொல்லி அப்படியே முடிந்துபோகிறது. ஆமென் இல்லை, அல்லேலூயா இல்லை. சார் விளக்கம் எதுவும் சொல்லாமல் இரண்டு தடவை வாசித்தார். தம்பி என் பக்கம் குனிந்து, "அண்ணே, இதுவும் பைபிள்லயா இருக்கு?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். என் மடியிலிருந்த அம்மாவுடைய வேதாகமத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தானே இன்னொருமுறை வாசிக்க ஆரம்பித்தான்.